‘ஆறோணும்’ என்று டொக்டர் சொன்னது

எங்கள் ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று சுமதி மிஸி புளியங்கூடலுக்கு, என் வீட்டுக்கே வந்து கேட்டார். தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவோம்.

“முப்பது வருஷத்துக்கு மேலை வேலை செய்தனீங்கள். சந்தோஷமான விஷயம் ஒண்டு எழுதுங்கோ அக்கா. ஒரு பக்கம் காணும்.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் தவிர வேறொன்றும் எழுதினதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து கதைத்த பழக்கமும் இல்லை. ஏலாது என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவர் கதிரையை விட்டு எழும்பிக்கொண்டே இன்னொன்றைச் சொன்னார்.

“குடல் புண்ணுக்கு நல்ல கிருமிப் பவுடர் குடுக்கிறதெல்லோ, அதை எங்கடை வாட்டிலை அப்பவே குடுத்துப் பாத்திருக்கினம். பழைய கொப்பியிலை கிடக்கு. நீங்களும் அப்ப நிண்டிருப்பியள். அதை எழுதினா எங்களுக்கும் பெருமை.”

பெருமையாம். எனக்குக் கோபம் ஏறியது. அந்தப் பவுடரை இரண்டு மாதம் கலக்கிக் கொடுத்தவள் நான்தான். எழுதித் தாறன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். இது ஒரு பக்கத்தில் அடங்காது. சந்தோஷமான விஷயமும் இல்லை. விருப்பமென்றால் போடட்டும், இல்லையென்றால் கிழிக்கட்டும்.

நான் சிற்றூழியராக இருந்தேன். கூட்டுவது, கழுவுவது, நோயாளியைத் துடைத்து உடுப்பு மாற்றுவது, மலசட்டி எடுப்பது, குசினியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பது. பழக்கினது மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையில் படித்ததும் மூன்று விஷயம்: கொதிக்க வை, கழுவு, வாயை மூடு. மூன்றாவது எனக்குப் பிறவியிலேயே வந்தது.

எங்களுக்கு மேலே பெரிய மிஸி இருந்தார். வெள்ளைச் சப்பாத்தில் ஒரு பொட்டு ஊத்தை இருக்காது. சத்தம் போட்டு ஏசமாட்டார். கிட்ட வந்து மெதுவாக, “நீர் இதைக் கழுவினீரோ, இல்லாட்டி ஈரமாக்கினீரோ?” என்று கேட்பார். அதைக் கேட்பதைவிட அடி வாங்கலாம் போலிருக்கும்.

ஒரு மாரிகாலம் கிணறெல்லாம் வெள்ளம் நிரம்பி, ஊரில் வீட்டுக்கு வீடு டைபொயிட் என்கிற நெருப்புக்காய்ச்சல் வந்தது. வாட்டில் கட்டில் போதாமல் நிலத்தில் பாய் போட்டோம். அப்போது பெரிய மிஸி குசினியில் தானே நின்று தண்ணீர் கொதிக்க வைத்தார். பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீரையும் விடவில்லை. “வாய்க்குப் போறதெல்லாம் கொதிக்கோணும். கொதிச்சாத்தான் கிருமி சாகும்” என்று எங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தார். சுடுதண்ணிப் போத்தலிலிருந்து நோயாளிக்கு முன்னால்தான் ஊற்றவேண்டும். ஆவி பறக்கிறதை அவர்கள் தங்கள் கண்ணால் காணவேண்டும். ஆவி தெரியாத தண்ணீரை எங்கள் வாட்டில் ஒருவரும் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அந்த மாரியில் வாட்டுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் காய்ச்சல் தொற்றவில்லை. அதனால் அந்தச் சட்டம் எங்களுக்குக் கோயில் சட்டம் போல ஆகிவிட்டது. அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கழித்து, சண்டையும் முடிந்த பிறகு, றெஜினா வந்தாள். இருபத்துமூன்று வயது. தகப்பன் கடற்றொழில். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன பிள்ளை. சின்ன வகுப்புகளுக்கு இங்கிலிஸ் படிப்பித்தாள். ஒரு பாடம் முடியுமட்டும் அவளால் வகுப்பில் நிற்க முடியவில்லை. பாதியில் வெளியே ஓடுவாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருநாள் ஓடிப்போய்ச் சேரவும் முடியவில்லை. அன்றோடு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டாள்.

ஒரு வருடமாக வீட்டில் வயிற்றுக்குத்து என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். மலத்தோடு இரத்தம் போவதைத் தாய்க்கும் சொல்லவில்லை. வெட்கம். தலைசுற்றி விழுந்த பிறகுதான் யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் முழுக்க அழற்சியும் புண்ணும் என்று கண்டுபிடித்தார்கள். மருந்துக் குளிசை தொடங்கி, கொஞ்சம் தணிந்ததும், இரண்டு மூன்று மாதம் எங்களிடம் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வீட்டுக் கக்கூஸ் வளவுக்குப் பின்னால் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்கவும் அவளிடம் பலமில்லை.

அவளுக்கு ஒரேயொரு கேள்விதான். “எப்ப திரும்பப் படிப்பிக்கப் போகலாம்?” டொக்டரிடமும் அதைத்தான் கேட்பாள், தேத்தண்ணி கொண்டுவருகிறவளிடமும் அதைத்தான் கேட்பாள்.

மலசட்டியை எடுத்து நான்தான் பார்ப்பேன். எத்தனை தரம், இரத்தம் உண்டா, சளி உண்டா என்று பார்த்து மிஸிக்குச் சொன்னால் அவர் கொப்பியில் எழுதுவார். றெஜினா முதல் நாள் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாலாம் நாள் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அக்கா, நீங்கள் மூக்கைப் பொத்தமாட்டியளோ?”

“பொத்த எங்கை பிள்ளை கை? ஒண்டிலை சட்டி, மற்றதிலை துணி.”

போர்வை குலுங்கியது. சிரிக்கிறாள் என்று கண்டுகொண்டேன். மற்றவர்கள் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்கிப் பார்ப்பாள். நான் வருகிற நேரத்துக்குக் காத்திருப்பாள். நானும் கூச்சக்காரி, அவளும் கூச்சக்காரி. இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. அந்த ஒத்துப்போனதை நினைத்தால்தான் இப்போது எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது.

டொக்டர் கிழமைக்கு இரண்டு நாள் வருவார். இளம் ஆள். ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்து றெஜினாவின் கட்டிலடியில் நின்று விளங்கப்படுத்தினார். பெரிய மிஸியும் இன்னும் இரண்டு மிஸிமாரும் நின்றார்கள். நான் அடுத்த கட்டிலுக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இதிலை ரண்டு சாமான் இருக்கு. ஒண்டு உயிருள்ள நல்ல கிருமி. மற்றது அந்தக் கிருமி தின்னுற சாப்பாடு. ரண்டையும் சேத்துக் குடுத்தா கிருமி குடலிலை தங்கி நிண்டு, அழற்சி தணிய உதவி செய்யலாம். எல்லாருக்கும் சரிவரும் எண்டு சொல்லேலாது. ஆனா குளிசையை ஒருநாளும் நிப்பாட்டக்கூடாது. குளிசையோடைதான் இது.”

“கிருமியைக் குடிக்கிறதோ டொக்டர்?” என்று றெஜினா கேட்டாள்.

“நீர் தயிர் சாப்பிடுறனீர்தானே? அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு நினைச்சீர்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் துணியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பெரிய மிஸி மட்டும் சிரிக்கவில்லை. தன் வாட்டுக்குள் உயிருள்ள கிருமி வருவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“அங்கை என்ன வாய்பாத்துக்கொண்டு நிக்கிறீர்? வாளியை எடும்.”

வாளியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலைத் தாண்டும்போது டொக்டர் சொன்னதன் வால் மட்டும் காதில் விழுந்தது. “வடிவா ஆறோணும், விளங்குதோ? ஆறினாப்பிறகுதான்.”

புண் வடிவாக, நன்றாக ஆறவேண்டும், ஆறினபிறகுதான் வீட்டுக்கு விடுவது என்று நான் விளங்கிக்கொண்டேன். வேறு எப்படி விளங்குவது? புண்ணுள்ள பிள்ளையின் கட்டிலடியில் நின்று ஆறோணும் என்றால் என்ன அர்த்தம்? அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் அம்மன் கோயில் வாசலில் நின்று, அந்தப் பிள்ளைக்கு ஆறவேணும் தாயே என்று கும்பிட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த நாள் பெரிய மிஸி பெட்டியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“காலமை ஒரு பக்கற், பின்னேரம் ஒரு பக்கற். நீர்தான் கலந்து குடும். கட்டி படக்கூடாது.”

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. முழுக்க இங்கிலிஸ். நான் அதை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தேன், கசங்காமல்.

கலக்குவதில் எனக்கு ஒரு கெட்டித்தனம் இருந்தது. மற்றவர்கள் கலக்கினால் கரண்டியில் ஒட்டும், அடியில் தங்கும். நான் குசினியில் அப்போது கொதித்த தண்ணீரைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு நேரே கட்டிலடிக்குப் போவேன். எனாமல் கோப்பையில் முதலில் பவுடர். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு மீதியை உயர்த்தி ஊற்றுவேன். ஆவி எழும்பும். கடைசிக் கட்டியும் கரைந்து பால் போல வரும். கொதி குறைந்தால் வடிவாகக் கரையாது என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு இன்னும் சூடாகத்தான் கொண்டுபோனேன்.

கோப்பையை நீட்டி, “சுடுகுதோ பிள்ளை?” என்று கேட்பேன்.

“இல்லை அக்கா” என்பாள். ஊதி ஊதிக் குடிப்பாள்.

இரண்டு மாதம். காலையும் பின்னேரமும். ஒருநாளும் தவறவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் வந்து கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

முதல் மூன்று கிழமை குறைந்தது. பத்துத் தரம் போனது ஐந்தாக வந்தது. தாய் மீன் விற்ற கையோடு வந்து என் கையைப் பிடித்து, “உங்கடை கைராசி எணை” என்றாள். நான் வெட்கத்தில் கையை இழுத்துக்கொண்டேன். பிறகு, குறைத்துக் குறைத்துக் கொடுத்துவந்த பெரிய குளிசை ஒன்றை நிறுத்துகிற நேரம் வந்தது. அதை நிறுத்தினதும் திரும்ப ஏறத் தொடங்கியது. ஏழு. ஒன்பது. சட்டியில் இரத்தம் மட்டும் கிடந்த நாளும் உண்டு. மிஸியிடம் எண்ணிக்கை சொல்லும்போது எனக்கு ஒன்றிரண்டு குறைத்துச் சொல்லவேண்டும் போலிருக்கும். சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்.

டொக்டர் கொப்பியைப் பார்த்தார். “இவவுக்கு இது சரிவரேல்லை” என்று சொல்லி, பவுடரைக் கொப்பியில் வெட்டிவிட்டு, பயன் இல்லை என்று எழுதினார். பெரிய மிஸி, “நான் நினைச்சனான்” என்றார்.

றெஜினாவைத் திரும்ப யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். வேறு ஊசிகள் போட்டும் பிடிகொடுக்கவில்லையாம். கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பெருங்குடலை வெட்டி எடுத்தார்கள். வயிற்றில் துளை வைத்துப் பை கட்டிவிட்டார்கள். தாய் சந்தையடியில் என்னைக் கண்டு இதைச் சொல்லி அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியாது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் வேறொரு நோயாளிக்கு அதே மாதிரிப் பெட்டி வந்தது. சுமதி மிஸி அப்போதுதான் வேலைக்கு வந்தவர். நான் பழக்கத்தில் சுடுதண்ணிப் போத்தலைத் தூக்கினேன்.

“ஐயோ அக்கா, என்ன செய்யிறியள்? இது உயிருள்ள கிருமி. சூட்டிலை செத்துப்போம். கொதிக்க வைச்ச தண்ணி வடிவா ஆறோணும். ஆறினாப்பிறகுதான் கலக்கோணும்.”

வடிவா ஆறோணும். ஆறினாப்பிறகுதான். அதே சொல், அதே வரிசை. நான் போத்தலை வாங்குப் பலகையில் வைத்துவிட்டேன். டொக்டர் புண்ணைச் சொல்லவில்லை. தண்ணீரைத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் காலையும் பின்னேரமும் நான் கொதிதண்ணீரில் கிருமியைச் சாகடித்து, கட்டி படாமல் கரைத்து, அந்தப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

“அப்ப முந்தி…” என்றேன்.

“முந்தி என்ன அக்கா?”

“ஒண்டுமில்லை.”

அந்த ஒண்டுமில்லையை நான் அன்று சொல்லியிருக்கக் கூடாது. அது தெரியாமல் செய்த பிழை இல்லை. தெரிந்து செய்தது. கொப்பியில் பயன் இல்லை என்று கிடந்தது. கிருமி உயிரோடு அவள் வயிற்றுக்குள் போகவே இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அலுமாரியைப் பூட்டுவது போல வாயைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஓய்வும் பெற்றேன். பொன்னாடையும் போர்த்தினார்கள்.

அந்தப் பவுடரை ஆறின தண்ணீரில் கொடுத்திருந்தால் அவள் குடல் தப்பியிருக்கும் என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் அது இன்னொரு பொய். இப்போதும் அது சிலருக்குக் கொஞ்சம் உதவும், சிலருக்கு உதவாது என்றுதான் சுமதி மிஸியும் சொல்கிறார். எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் இந்தப் பவுடரை அனுப்பி, குளிசையெல்லாம் வேண்டாம், இது காணும் என்று போனில் சொல்லியிருக்கிறான். அவரைப் படலை வாசலில் மறித்து, குளிசையை விடாதேயுங்கோ என்று சொன்னேன். அவர் என்னை விசர் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கு அதுவும் கோபம்தான்.

ஆனால் பெரிய கோபம் வேறு. டொக்டர் பெரிய மிஸிக்குச் சொன்னார். பெரிய மிஸியின் காதில் அது ஏறவில்லை. ஆறினதோ ஆறாததோ, கொதித்தால் சரி என்று விட்டார். மற்ற இரண்டு மிஸிமாரும் கேட்டார்கள். கோப்பையைக் கையில் பிடிக்கிறவளை மட்டும் வாளியைத் தூக்கச் சொல்லி அனுப்பினார்கள். துண்டு இங்கிலிசில் கிடந்தது. சட்டியில் போவதைப் பார்த்துச் சொல்ல என் கண் வேண்டியிருந்தது. என் காது ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. பெரிய மிஸி இப்போது உயிரோடு இல்லை. செத்தவரைக் கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபிக்கிறேன்.

சுமதி மிஸி வந்துபோன மூன்றாம் நாள் பஸ் எடுத்து மண்கும்பானுக்குப் போனேன். றெஜினா இப்போது அங்கேதான் இருக்கிறாள். முன் அறையில் வாங்கு போட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலிஸ் சொல்லிக்கொடுக்கிறாள். தளர்ந்த சட்டை போட்டிருந்தாள். சட்டைக்குக் கீழே பை இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள்.

நான் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியதெல்லாம் மறந்துபோனது.

“பிள்ளை, நான் உமக்கு ஒரு பிழை விட்டிட்டன்.”

“சுடுதண்ணியோ அக்கா?”

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

“டொக்டர் எனக்கு முன்னாலைதானே சொன்னவர்” என்றாள். “தண்ணி வடிவா ஆறோணும் எண்டு. நீங்கள் வாளியோடை போயிட்டியள். நான் கட்டிலிலைதானே கிடந்தனான்.”

“பிறகேன் பிள்ளை குடிச்சனீர்? இரண்டு மாதம்?”

“முதல் நாள், மாத்திச் சொல்லியிருக்கினம் ஆக்கும் எண்டு நினைச்சன். பிறகு பெரிய மிஸியிட்டைச் சொல்லுவம் எண்டு நினைச்சன். சொன்னா ஏச்சு உங்களுக்குத்தான். உங்களை வேறை வாட்டுக்கு மாத்திப்போட்டா என்ரை துணியை ஆர் எடுக்கிறது? மற்றவ வாசலிலை நிண்டே முகத்தைச் சுளிப்பா. உங்களுக்கு முன்னாலை மட்டும்தான் எனக்கு வெக்கமில்லை.”

“எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் அப்பிடி ஆசையாக் கலக்குவியள் அக்கா. பிழை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

பிறகு அவள் குரல் மாறியது.

“எனக்குக் கோவம் இல்லை எண்டு நினையாதேயுங்கோ. ஆஸ்பத்திரியிலை ஒவ்வொரு தரமும் பை மாத்தேக்குள்ளை கோவம் வந்தது. உங்களிலையும் வந்தது. என்னிலைதான் கூட வந்தது. பவுடர் வேலை செய்யாட்டிப் போகட்டும். செய்யுமோ எண்டு பாத்திருக்கலாமெல்லோ.”

மலருக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

“ஏன் மாத்திறது? என்ரை பேரைப் போடுங்கோ. என்ன வருத்தம் எண்டும் போடுங்கோ. வயித்துக்குத்து எண்டு எழுதிப்போடாதேயுங்கோ. மலத்தோடை ரத்தம் போனது எண்டு எழுதுங்கோ. நான் ஒரு வருஷம் மறைச்சனான் எண்டும் எழுதுங்கோ.”

எழுதிவிட்டேன்.

அவள் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். கோப்பையிலிருந்து ஆவி பறந்தது. யாராவது தந்ததை நான் இதுவரை இது சுடுகுது, இது உறைப்பு, இது வேண்டாம் என்று சொன்னதில்லை. நாக்கு வெந்தாலும் விழுங்கிவிட்டு நல்லாயிருக்கு என்பேன். ஒரு வாய் உறிஞ்சினேன். உதடு சுட்டது.

“சுடுகுதோ அக்கா?” என்று றெஜினா கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம் பிள்ளை, சுடுகுது” என்றேன். “ஆறட்டும்.”

கோப்பையை வாங்கில் வைத்தேன்.